கடலுக்கு முதுகைக் காட்டி ஓர் ஊரைப் பார்ப்பது

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ நடக்காத நாள் அநேகமாக இல்லை. அமிர்தகடேசுவரர் சன்னதியில் மாலை மாற்றிக்கொண்டு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊற்றிய கலச நீரில் நனைந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்த குடும்பங்களுக்கு மதியத்துக்கு மேல் பொழுது மிச்சமிருக்கும். வேன் தெற்கே திரும்பும். சில கிலோமீட்டரில் தரங்கம்பாடி. வெயில் தாழ்ந்த நேரத்தில் ராஜ வீதியில் நடந்தால் வண்டி இரைச்சல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இரண்டு பக்கமும் உயரமான தூண் வைத்த பழைய வீடுகள், இரண்டு தேவாலயங்கள், வீதி முடிகிற இடத்தில் டேனிஷ் கோட்டை, அதற்கப்பால் வங்கக்கடல். சென்னையிலோ பெங்களூரிலோ முப்பது வருடம் அலுவலகம் போய் வந்தவர்கள் அந்த மதில்மேல் அரைமணி நேரம் உட்கார்ந்தால், இங்கேயே ஒரு வீடு பார்த்து வந்துவிட்டால் என்ன என்று தோன்றுவது மிக இயல்பு. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஊரை விட்டு ஊர் போய்க் குடியமர்வது பெரிய காரியம். அதற்கான ஆசை ஓர் அழகான மாலையில் பிறப்பதில் தவறே இல்லை. ஆனால் முடிவை எடுக்க அந்த மாலை போதாது. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதைத் தரங்கம்பாடியையே வைத்து யோசித்துப் பார்க்கலாம். நானூறு வருடமாக வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறி, சிலர் நிலைத்து, பலர் திரும்பிப்போன ஊர் அது.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கடலோரச் சிற்றூரில் குடியேறலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கடல் இல்லை, ஊரின் பின்புறம். கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பி நின்று பார்க்க வேண்டும். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைத்தண்ணீர் எந்த வாய்க்காலில் வடிகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எந்தச் சாலையில் எத்தனை நேரம், காய்கறிச் சந்தை எது, பிழைப்பு எதை நம்பி இருக்கிறது, இவைதான் அங்கே வாழ்வதா வேண்டாமா என்பதைச் சொல்லும். கடல் எல்லாக் கடலோர ஊருக்கும் பொது. ஓர் ஊர் நிற்பதும் தேய்வதும் அதன் பின்னால் இருக்கிற நிலத்தைப் பொறுத்தது.

தரங்கம்பாடியின் வரலாறு இதற்குச் சாட்சி. 1620இல் ஓவே கெத்தே என்ற தளபதி டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் சார்பில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இந்த இடத்தைப் பெற்றார். அது தொடர்பான நாயக்கரின் தங்க ஏட்டுக் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனியருக்குக் கிடைத்தது ஒரு மீனவர் குடியிருப்பும் கோட்டை கட்ட இடமும். அவர்கள் தேடி வந்தது மிளகும் துணியும். அவை உள்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். தஞ்சை அரசோடு உறவு சுமுகமாக இருந்தபோது ஊர் செழித்தது. உறவு கெட்டபோதெல்லாம் மதிலுக்கு வெளியே படை வந்து நின்றது. 1640களின் முற்பகுதியில் தொடங்கி 1669 வரை, இருபத்தைந்து வருடத்துக்கு மேல், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கோட்டையில் எஞ்சிய சில டேனியர்கள் வங்காளக் கப்பல்களை மறித்துப் பிடித்தும், உள்ளூர் மக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டும் காலம் தள்ளினார்கள். தாய்நாடு கைவிட்டாலும் அவர்களால் அங்கே இருக்க முடிந்தது. சோறும் ஆளும் சுற்றுப்புறத்திலிருந்து வந்ததுதான் அதற்கு முக்கியமான காரணம். பின்னாளில் அருகிலிருக்கும் பொறையாரும் பக்கத்துக் கிராமங்கள் சிலவும் டேனியர் வசம் வந்த பிறகுதான் அது ஓர் ஊராக உருக்கொண்டது.

மதத்தொண்டுக்கு வந்தவர்கள் இதை வணிகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் கோட்டைக்குள் அடைந்து கிடக்கவில்லை. சீகன்பால்கு தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் நடத்தினார், அச்சுக்கூடம் நிறுவினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் காகிதத்தை நம்பி அச்சடிக்க முடியாது என்று தெரிந்ததும் அவர்கள் பொறையார்ப் பக்கம் காகிதம் செய்யும் பட்டறை ஒன்றை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். 1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. கவர்னர் மாளிகை காலியானது. கோட்டையில் கொடி மாறியது. பள்ளிகளும் திருச்சபையும் தங்கின. பொறையாரில் லுத்தரன் திருச்சபையின் கல்லூரி இன்றும் சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்குப் பட்டம் தருகிறது. கடல் வணிகத்துக்காக மட்டும் வந்தவர்கள் கடல் வணிகம் படுத்ததும் போனார்கள். நிலத்தோடும் மக்களோடும் பிணைப்பு உண்டாக்கிக்கொண்டவர்களின் வேலை நீடித்தது. புதிதாகக் குடிபோக நினைக்கிறவர் இதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம்: அந்த ஊரில் எனக்கு என்ன வேலை? சம்பளம் வரும் வேலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதாக இருக்கலாம், நூலகத்தில் உட்காருவதாக இருக்கலாம். காட்சியைப் பார்ப்பது மட்டுமே காரணமாக இருந்தால், காட்சி பழகிப் போகிற நாளில் அங்கே இருப்பதற்கான காரணமும் தீர்ந்துவிடும்.

ஊர் தேய்ந்த கதையும் நிலத்துப் பக்கம்தான் நடந்தது. ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு சில காலம் தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் இங்கேயே இருந்தது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி நோக்கி இருப்புப்பாதை போட்டார்கள். அதோடு சரக்கு முழுக்க நாகைக்குத் திரும்பிவிட்டது. தரங்கம்பாடியின் கடல் அதே ஆழத்தில்தான் இருந்தது, அலையும் அதே அலைதான். ரயில் வேறு ஊருக்குப் போனதால் துறைமுகம் செத்தது. பல பத்தாண்டுகள் தாமதமாக, 1926இல், அன்று மாயவரம் என்றிருந்த மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர், பொறையார் வழியாக ஒரு மீட்டர்கேஜ் பாதை இங்கே வந்தது. அதுவும் 1986இல் நின்றுபோனது. அந்தப் பாதையை மீண்டும் போட வேண்டும் என்று மயிலாடுதுறைப் பக்கத்து மக்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது சுற்றுலாவுக்காக இல்லை. வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற வழி அது என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது கடலைப் பார்ப்போம். தரங்கம்பாடிக் கடல் ஊரைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது என்பதற்கு 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைவிடப் பெரிய சான்று வேண்டாம். கட்டியபோது கரையிலிருந்து தள்ளித்தான் இருந்திருக்கும். பின்னர் முன்மண்டபங்களை அலை கொண்டுபோய், கருவறையின் அடியில் கல்லைக் கொட்டித் தடுக்க வேண்டிய நிலை வந்தது. டேனியர் ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலில் கடல் பக்கத்துச் சுவர் இன்றில்லை. ஆனால் மேற்கே, ஊருக்குள் நுழையும் வழியில், 1792இல் கட்டிய நிலவாசல் வெள்ளையடித்து அப்படியே நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடியும் அதைச் சுற்றிய மீனவர் ஊர்களும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. சுனாமி மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல இயலாது. கரை அரிப்பு அப்படி இல்லை. அது வருடா வருடம் நடப்பது, கணிக்கத்தக்கது. சோழமண்டலக் கரையில் அலை மணலை வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் கடலுக்குள் ஒரு கல்சுவர் நீட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்பு கட்டிய புதுச்சேரி தன் மணற்கரையை இழந்தது அப்படித்தான். தரங்கம்பாடியிலும் இப்போது மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. மீனவர்களுக்கு அது மிகவும் வேண்டிய வசதி. அதைக் குறை சொல்ல வரவில்லை. கடற்கரை மனை வாங்குகிறவர் அந்தத் துறைமுகச் சுவருக்குத் தன் மனை எந்தப் பக்கம் என்று பார்த்தாக வேண்டும், அவ்வளவே.

சட்டமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 1991இல் முதலில் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டடம் கூடாது. நெருக்கம் மிகுந்த கிராமப்புறத்துக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. நகர்ப்புறமாக வகைப்படுத்திய இடங்களில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்புறமாக மட்டுமே கட்டலாம். தரங்கம்பாடி பேரூராட்சி, அதை ஒட்டிய கிராமங்கள் ஊராட்சிகள். ஒரே சாலையின் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு விதி பொருந்த வாய்ப்பு உண்டு. மனைத் தரகர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக் காட்டுவார். இரண்டும் சரியாகவே இருக்கும். நிலம் விற்பவருக்குச் சொந்தம் என்பதை மட்டும் அவை சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்பது கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. கோட்டையைச் சுற்றியுள்ள பகுதிக்குத் தொல்லியல் துறையின் விதிகளையும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

மழைக்கு வருவோம். ஊரைப் பற்றி நிறையச் சொல்வது இதுதான். டெல்டாக் கடலோரத்தில் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பார்ப்பது தை முதல் பங்குனி வரையிலான தரங்கம்பாடி. அங்கே வாழ்கிறவர்கள் கடக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை. 2022 நவம்பர் 11 அன்று தொடங்கி ஒரே நாள் கணக்கில் அருகிலுள்ள சீர்காழியில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதிவுகளில் அந்த ஊர் காணாத மழை. சீர்காழி, தரங்கம்பாடி இரண்டு தாலுகாக்களிலும் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும்படி ஆனது. அன்று வீடுகளுக்குள் வந்தது கடல்தண்ணீர் இல்லை, மேற்கிலிருந்து இறங்கிய வெள்ளம். இது காவிரியின் கடைமடை. மேட்டூரிலிருந்து கல்லணை வழியாகப் பிரிந்து பிரிந்து வரும் ஆறுகளும் வாய்க்கால்களும் வடிகால்களும் கடலில் சேர்வதற்கு முன் கடைசியாகத் தொடுகிற மண். கடலில் அலை உயர்ந்திருக்கும் நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. பின்னால் வருகிற வெள்ளம் வயலிலும் தெருவிலும் தேங்கும். ஆகவே ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் அலைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதைவிட, பக்கத்து வடிகால் எது, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், 2022இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று டீக்கடையில் கேட்பது பயன் தரும். அந்த ஊர்க்காரர்கள் சுவரில் கை வைத்தே உயரத்தைக் காட்டிவிடுவார்கள். கடைமடையின் இன்னொரு முகம் கோடை. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது மரபு; திறந்தாலும் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், சில வருடங்களில் திறப்பே தள்ளிப்போகும். காவிரி வரத்து குறைந்தால் நிலத்தடி நீரில் உப்பு ஏறும். இறால் பண்ணைகள் நிலத்தையும் ஊற்றையும் உப்பாக்குகின்றன என்று இந்த வட்டாரத்திலிருந்துதான் சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்; 1996 டிசம்பரில் தீர்ப்பும் பெற்றார். இன்று டெல்டாக் கடலோரத்தின் பல ஊர்களுக்குக் குடிநீர் கொள்ளிடக் கரையிலிருந்து குழாயில் வருகிறது. வீட்டில் போர் போட்டால் தண்ணீர் வரும். அதில் சோறு பொங்க முடியுமா என்பது தெருவுக்குத் தெரு மாறும்.

உப்புக்காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, காரை பெயர்ந்து விழும். ஏசியின் வெளிப்பெட்டி, கேட், சன்னல் கொக்கி எல்லாம் உள்நாட்டு ஊரில் இருக்கும் ஆயுளில் பாதிகூடத் தாங்காது. தரங்கம்பாடியில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்ட்டாக் அமைப்பும் மற்றவர்களும் பழைய வீடுகளைச் செப்பனிட்டபோது சுண்ணாம்புக் காரைக்கே திரும்பினார்கள், அது சுவரை மூச்சுவிட வைக்கும் என்பதால். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது இன்று எளிதில்லை. வாங்கும் விலை குறைவாக இருக்கலாம். வருடா வருடம் ஆகும் பராமரிப்பைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

முடிவைத் தீர்மானிக்கும் எடை எனக்கு மருத்துவத்தில்தான் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களே பெரும்பாலும் இந்த ஆசையோடு வருகிறார்கள் என்பதால் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பொறையார் போதும். அதற்கு மேல் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் காரைக்கால், மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் மயிலாடுதுறையின் மாவட்ட மருத்துவமனை. காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருந்தாலும் எல்லையோரத் தமிழ்நாட்டு மக்கள் அங்கே போவது வழக்கம். மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமானது. ஆனால் 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நாகைக்குக் கிடைத்தது, மயிலாடுதுறைக்கு இல்லை. பெரிய நோய்க்குச் சிதம்பரம், நாகை, திருவாரூர், தஞ்சை என்றுதான் ஓட வேண்டும். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அறிகுறியைக் கவனிக்க ஒரு மணி நேரம், வண்டி வர, கிளம்ப, போய்ச் சேர, அங்கே வரிசை என்று கூட்டிப் பார்த்தால் அந்த நாலரை மணி எவ்வளவு சின்னது என்று புரியும். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை இந்தக் கணக்கைக் கொஞ்சம் சுலபமாக்கும். இதய நோய் உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் தரங்கம்பாடிக்குக் குடிபோக வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. வந்து தங்கிப் போகலாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். பின்புறம்தான் எல்லாம் என்றால் மயிலாடுதுறையிலேயே வீடு பார்த்துவிடலாமே, கடலோரம் எதற்கு? கடலுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் திரும்பும் கடற்காற்று உள்நாட்டு ஊர் எதிலும் கிடைக்காது. விடியற்காலை ஃபைபர் படகுகள் கரையேறி, மீனை மணலில் கொட்டி ஏலம் விடும்போது வாங்கிய சங்கராவுக்கும் கிழங்கானுக்கும் நகரத்துப் பனிக்கட்டி மீன் ஈடாகாது. நடைக்கு இடம், கண்ணுக்கு வெளி, பேச்சுக்குப் பொழுது எல்லாம் உண்மை. நான் சொல்வது இவ்வளவுதான்: இந்த இன்பங்கள் முன்னூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் கிடைக்கும், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பொறையாரில் இருந்தாலும் கிடைக்கும். கடலைப் பார்த்த சன்னல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போதுதான் அரிப்பும் துருவும் சட்டச் சிக்கலும் கூடவே வருகின்றன. பொறையாரில் வீடு எடுத்தவருக்குக் கடைத்தெருவும் பேருந்தும் மருந்துக்கடையும் நடந்து போகிற தூரம், கடல் சைக்கிளில் போகிற தூரம். கடற்கரையில் வீடு எடுத்தவருக்கு இது தலைகீழ். ஒரு வாரத்தில் எத்தனை முறை கடலுக்குப் போவோம், எத்தனை முறை கடைக்குப் போவோம் என்று அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

வேலையை மடிக்கணினியிலேயே வைத்திருக்கும் இளைஞர்கள் வேறு விதமாக மறுப்பார்கள். எங்களுக்கு ரயில் வேண்டாம், சந்தை வேண்டாம், இணையம் இருந்தால் போதும் என்பார்கள். கொரோனா காலத்துக்குப் பின் இந்த வாதத்துக்கு வலு கூடியிருக்கிறது. ஃபைபர் இணைப்பு பொறையார் போன்ற ஊர்களிலும் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கம்பியும் கரண்டும் மேற்கிலிருந்து வருபவைதான். 2008இல் காரைக்கால் அருகே கரையேறிய நிஷா, 2018இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா போன்ற புயல்கள் மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, ஊர் ஊராகச் சீரமைத்துக்கொண்டு வருபவர்கள் கடைக்கோடிக்கு வந்து சேரத் தாமதமாகும். கஜாவின்போது நாகை, திருவாரூர், தஞ்சைக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அலுவலகத்துக்கு ஒரு வாரம் விளக்கம் சொல்லலாம், வருடா வருடம் முடியாது. தனியாக இருக்கும் இளைஞருக்கு இதெல்லாம் தாங்கக்கூடியது. சீர்செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற குடும்பம் என்றால் உள்ளூர்ப் பள்ளியை மனதார ஏற்றுக்கொள்கிறோமா என்று முதலில் கேட்க வேண்டும். காலையும் மாலையும் மயிலாடுதுறைக்குப் பள்ளி வேனில் அனுப்பிவிட்டு, ஊரில் அமைதியாக வாழ்கிறோம் என்று சொன்னால் அந்த அமைதி பிள்ளைக்குக் கிடைக்காது.

மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்த்துத்தானே வாழ்கிறார்கள், நாம் வாழ்ந்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி. அவர்களுக்குக் கடல் காட்சி இல்லை, வயல். படகும் வலையும் கண்பார்வையில் இருக்க வேண்டும். வாடை மாறுவதும் கச்சான் எழும்புவதும் வாசலில் நின்றே தெரிய வேண்டும். சுனாமிக்குப் பிறகு அரசு 200 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டித்தர முன்வந்தபோது பலர் தயங்கியதற்குக் காரணம் இந்தப் பிழைப்புதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அந்த இரண்டு மாதத்தில் கடன் ஏறும், ஊரே இறுக்கமாக இருக்கும். அதே இரண்டு மாதம் கோடை விடுமுறைக்காரர்களுக்குக் கடற்கரையின் சிறந்த காலம். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் பக்கத்து வீட்டுக்காரராக முடியாது. கடற்கரை மணல் வெறும் மணல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வலை காய, கருவாடு காய, படகு நிறுத்த, ஏலம் விட அந்த இடம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பத்திரத்தில் யார் பெயரும் இல்லாவிட்டாலும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு எந்த இடம் எதற்கு என்று தெரியும். கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை என்று புகார் எழுதுகிறவராக நாம் ஆவோம் என்றால் போகாமல் இருப்பதே நாகரிகம்.

இதிலிருந்து கடைசி மறுப்பு பிறக்கிறது, என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான். வெளியூர்க்காரர்கள் வந்து நிலம் வாங்கினால் விலை ஏறும், உள்ளூர் இளைஞன் தனிக்குடித்தனம் போக முடியாது. ஆகவே யாருமே போகக்கூடாது என்பார்கள் சிலர். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீனவர் குப்பங்கள் பண்ணைவீடுகளுக்கு நடுவே ஒடுங்கிப்போனதைப் பார்த்தவர்கள் இந்தப் பயத்தை ஒதுக்க முடியாது. ஆனால் எல்லாக் குடியேற்றமும் ஒன்றில்லை. வருடத்தில் பத்து நாள் திறக்கும் கடற்கரை வீடு நிலத்தை அடைத்துக்கொண்டு ஊருக்கு எதையும் தராது. பொறையார்த் தெருவில் பூட்டிக்கிடக்கும் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு மாதமும் விளக்கேற்றி, அங்கேயே மளிகை வாங்கி, அங்கேயே பிள்ளையைச் சேர்க்கும் குடும்பம் ஊருக்கு வரவு. பேருந்து குறைக்கப்படும்போது மனு கொடுக்கவும், ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை சரியாமல் இருக்கவும், ரயில்பாதைக் கோரிக்கையில் கையெழுத்துப் போடவும் இன்னும் ஒரு வீடு கூடுகிறது. தேய்ந்துகொண்டிருக்கும் ஊருக்கு ஆள் வேண்டும். கரைக்கும் ஊருக்கும் நடுவே சுவர் எழுப்புகிறவர்கள்தான் வேண்டாம்.

ஆகவே நான் சொல்லும் யோசனை வீடு வாங்குவதில் தொடங்கவில்லை. உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும் தம்பதி, அல்லது ஊரில் செய்ய ஒரு வேலையைக் கையோடு கொண்டுவரும் எவரும், புரட்டாசியில் பொறையாரிலோ நிலவாசலுக்கு மேற்கேயோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். தையில் எடுத்தால் ஊர் தன் நல்ல முகத்தை மட்டும் காட்டும். புரட்டாசியில் எடுத்தால் இரண்டாம் மாதமே மழை வந்துவிடும். ஐப்பசியில் வடிகால் எப்படி, கார்த்திகையில் கரண்ட் எப்படி என்று பார்த்து, பங்குனியில் போர்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, தடைக்காலத்தில் மீன்கடைக்காரரிடம் பேசிப் பார்த்து, ஆடிவரை இருந்துவிட்டால் ஒரு சுற்று முடிந்தது. இதற்கிடையே ஒரு பகலிலும் ஒரு ராத்திரியிலும் காரைக்கால், மயிலாடுதுறை ஆஸ்பத்திரிகளுக்கு வண்டி எடுத்துப் போய் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஊர் வீட்டையோ நகரத்து அடுக்ககத்தையோ அதுவரை விற்க வேண்டாம். அந்த வருடத்துக்குப் பிறகும் இருக்க மனம் வந்தால், கடற்கரை மனையை விட்டுவிட்டு, சந்தைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பக்கத்தில், 2022இல் தண்ணீர் ஏறாத தெருவில், ஒரு வீட்டை விலை பேசலாம். மயிலாடுதுறை ரயில் திரும்ப வந்தால் பிள்ளைகுட்டிக்காரர்களுக்கும் நான் இதையே சொல்வேன். அதுவரை அவர்களுக்கு வாடகை வீட்டுக்கு மேல் எதையும் சொல்லத் துணியமாட்டேன்.